கல்லூரிப் படிப்பு மாணவர்களுக்குப் பொதுக்காரியங்களில் அக்கறையை வளர்க்கிறதா?

பாடத்திட்டம் வளர்ப்பதில்லை. கல்லூரியில் வாய்க்கும் ஓர் ஆசிரியர் வளர்க்கலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், 'போராட்டங்களில் கலந்துகொள்ள மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சுயநிதிக் கல்லூரியில் படிக்கிறவர் என்று நினைக்கிறேன்.

நான் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். படித்தேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பல கல்லூரிகளில் அது சீமைக் கருவேலம் வெட்டுவதிலும் கோயில் வளாகத்தைப் பெருக்குவதிலும் கழிந்துவிடும். எங்கள் ஆசிரியரோ குடியரசு தினத்தன்று, முகாம் நடந்த ஊரின் கிராம சபைக்கு எங்களை அழைத்துப்போய் உட்கார வைத்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா எழுந்து, "வரவு செலவை வாசித்துவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்" என்றார். எனக்குப் பேரேடு எழுதத் தெரியும். ஊர்ப்பணத்துக்கும் கணக்குக் கேட்கலாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மே 1 அன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் தெருவிளக்குக் கணக்கைக் கேட்டேன். "படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அப்பா பயந்தார், ஆனால் தடுக்கவில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு அனுப்பினேன். விளக்குப் போட்ட தெருக்களின் பட்டியல் வந்தது. அதில் ஊர்க்கோடியில் இருக்கும் எங்கள் தெருவும் இருந்தது. கம்பத்தில்தான் விளக்கு இல்லை. சுதந்திர தினக் கிராம சபையில் அந்தத் தாளை உரக்க வாசித்தேன். அடுத்த வாரமே விளக்கு எரிந்தது.

கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு இந்த உணர்வு இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மா பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர். 1965 இந்தி எதிர்ப்பையும் 2017 மெரினாவையும் காட்டி என்னை மறுப்பவர்களும் வருவார்கள். அவை பெரும் எழுச்சிகள்தான். ஆனால் மெரினாவில் நின்ற எங்கள் ஊர் அண்ணன்மார் சிலர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐக்கூட அன்றுவரை நிரப்பியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களை அழைத்துப்போன அந்த ஆசிரியர் முனைவர் பட்டம் பெற்றவர். இன்றும் கௌரவ விரிவுரையாளர், அதாவது தற்காலிகப் பணியில் இருப்பவர். அவருக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. அந்த மாதத்தில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். கேள்விக்குத் தொடர்பில்லை என்பீர்கள், பரவாயில்லை. அந்தப் பணியிடங்களை அரசு நிரந்தரமாக நிரப்ப வேண்டும்.