தோட்டத்து வீட்டுக்கூட்டத்தில் வேதபாடம் நடத்துவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்கூட்டம் நடத்தும் சகோதரி கேட்டிருக்கிறார்: "கேள்வி கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன செய்வது?"

கேள்வியில்தான் கோளாறு இருக்கும், சகோதரி. "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், செம்பனை ஆலையில் ஷிப்ட் முடித்து வந்தவர் என்ன சொல்வார்? பதில் வசனத்திலேயே கிடைக்கும்படி கேளுங்கள்.

மாற்கு சுவிசேஷத்தில் இயேசு கடலில் புயலை அமர்த்தும் பகுதியை (4:35-41) எடுத்து, இருமுறை சத்தமாக வாசியுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாட்டிகளுக்கு அது பெரிய உதவி. இயேசு எங்கே தூங்கினார்? பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்து. தலையணையைக்கூட மாற்கு விடவில்லை! சீஷர்கள் மிகவும் பயந்தார்கள் என்று எப்போது எழுதுகிறார்? காற்று அமர்ந்த பிறகு. ஏன் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் சங்கடம்தான், ஆனால் நீங்களே பதில் சொல்லிவிட்டால் அடுத்த வாரமும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், "அக்கா, அது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். மூத்தவர்களை நிறுத்த இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

தயாரிப்புக்கு, மாற்குவின் 16 அதிகாரங்களையும் முதலில் ஒரே மூச்சில் வாசியுங்கள். விளக்கவுரையைக் கடைசியாகத் திறங்கள். கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். சிலர் தேத்தண்ணீர் நேரத்தில்தான் மனம் திறப்பார்கள்.