மனநலம் பற்றிய கலைஞர் ரெசிடென்சிக்குப் போனால் மனம் ஆறுமா, பழையதைக் கிளறிவிடுமா?

கேட்டவர் தனக்கும் முன்பு மனச்சோர்வு இருந்ததாகவும், இப்படி ஒரு ரெசிடென்சிக்கு, அதாவது கலைஞர்கள் சில வாரம் தங்கி வேலை செய்யும் ஏற்பாட்டுக்கு, விண்ணப்பிக்கத் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார். இரண்டுமே நடக்கும். எனக்கு முதலில் கிளறியது, அப்புறம்தான் மற்றது.

ஆறு வாரம் அப்படி ஓர் இடத்தில் இருந்தேன். தங்க அறை, வரைய ஸ்டுடியோ, பொருள் வாங்கக் கொஞ்சம் பணம், என்னோடு இன்னும் நான்கு கலைஞர்கள். படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த என் ஒரு வருடத்தைப் பெரிய பெரிய கரித்துண்டு ஓவியங்களாக வரைவேன் என்று விண்ணப்பத்தில் வீராப்பாக எழுதியிருந்தேன். தேர்வுக் குழுவுக்குப் பிடித்துவிட்டது. வம்பு என்னவென்றால், சொன்னதை வரைந்தாக வேண்டுமே.

இரண்டாம் வாரத்தில் தினமும் எட்டு மணி நேரம் அதே கட்டில், அதே சுவர், அதே போர்வை. கை பாட்டுக்கு வரைகிறது. உடம்போ அந்த வருடத்துக்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. தூக்கம் போயிற்று. மாலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வோம். அறைக்குத் திரும்பும்போது என் பாரத்தோடு இன்னும் நாலு பேர் பாரமும் கூட வரும்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வைப் பிறகு படித்தபோதுதான், எனக்கு மட்டும் நேர்ந்த கோளாறு இல்லை இது என்று புரிந்தது. மனதை உலுக்கிய சம்பவங்களைப் பற்றி மாணவர்களை எழுதச் சொல்லி, 1986-இல் அதை வெளியிட்டார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை கீழேதான் போனது. அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. ஆனால் அவர் எழுதச் சொன்னது நாளுக்கு 15 நிமிடம், மொத்தம் 4 நாள். நான் ஆறு வாரத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன்!

அங்கே வாரம் இரண்டு நாள் ஒரு தெரபிஸ்ட் வருவார். அவரிடம் புலம்பியபோது, "இதை முடிச்சே ஆகணும்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. கடைசியில் கண்காட்சி வைக்க வேண்டும் என்றுகூட அதில் இல்லை. கட்டில் படங்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மிச்ச நாட்களில் தண்ணீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள், என் செருப்பு என்று கண்ணில் பட்டதை வரைந்தேன். பெரிய கலை ஒன்றும் இல்லை. தூக்கம் திரும்பி வந்தது.

எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் 1946-இல் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஒரு ஸ்டுடியோ நடத்தத் தொடங்கினார். வந்தவர்களுக்கு அவர் வரையக் கற்றுத்தரவில்லை, அவர்கள் படங்களுக்குப் பொருளும் சொல்லவில்லை. இடமும் வண்ணமும் கொடுத்துவிட்டுச் சும்மா கூட இருந்தார். ரெசிடென்சியால் தர முடிந்ததும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். சிகிச்சை தனி. ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா 1977-இல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமாகவே சேர்ந்து அங்கேயே வாழத் தொடங்கினார். வரைவது மட்டும் பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோவில். இரண்டுக்கும் இரண்டு கதவு. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

எங்களோடு இருந்த ஒருவர், மாத்திரை கையை மழுங்கடிக்கிறது என்று தானாகவே நிறுத்திவிட்டார். கேட்டால் ஓவியர் வான் கோவைக் காட்டுவார். பிரான்சின் ஸான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த ஓராண்டில் வான் கோ ஏறத்தாழ 150 ஓவியங்கள் வரைந்தது உண்மைதான். பெரும்பாலும் நோய் தணிந்திருந்த இடைவெளிகளில் வரைந்தார் என்பதை மட்டும் நம் ஆள் விட்டுவிட்டார். நான்காம் வாரமே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

சரி, விண்ணப்பிப்பதற்கு முன் நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மனம் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது? பாதியில் கிளம்பினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? வட்டத்தில் உட்காருவது கட்டாயமா? என் படத்தையும் நோய்க் கதையையும் அவர்கள் விளம்பரத்தில் போடுவார்களா, பிறகு எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா? பதில் மழுப்பலாக வந்தால் நான் போக மாட்டேன். திட்டத்தில் உங்கள் துயரம் ஒன்றையே எழுதாமல், வேறு வேலை ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். திரும்பி வந்த வாரத்துக்கே உங்கள் மருத்துவரிடமோ தெரபிஸ்டிடமோ நேரம் வாங்கி வையுங்கள். ஆறு வாரம் கூட்டமாக இருந்துவிட்டுத் தனி அறைக்குள் நுழையும் முதல் மாலை கொஞ்சம் மோசம்.

அந்தக் கட்டில் படங்கள் இன்னும் அலமாரி மேல் சுருட்டியபடியே கிடக்கின்றன. செருப்புப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.