ஆப்பிளின் மூக்கு

வணக்கம் சார். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜானி ஆப்பிள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வியட்நாம் போரை எழுதிய கை, கடைசிக் காலத்தில் சாப்பாட்டையும் மதுவையும் எழுதியது எனக்கு இறக்கமாகத்தான் படுகிறது. அதுவும் ஆபீஸ் காசில். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?
கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஆபீஸ் காசு விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அவருடைய செலவுக் கணக்கு அந்தப் பத்திரிகையில் தனிப் புராணம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், தேர்தல் சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த பேட்டா இரண்டு வேளைச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். மூன்றாவது வேளைக்கு வேட்பாளர் வீட்டுப் பந்தியில் உட்காராமலிருக்க வைராக்கியம் வேண்டும். ஆகவே எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆனால் இறக்கம் என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வியட்நாமில் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அமெரிக்கத் தளபதிகள் சொல்லிக்கொண்டிருந்த 1967 ஆகஸ்டில், போர் நகராமல் நிற்கிறது என்று எழுதியவர் அவர். 1975 அக்டோபரில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டருக்கு அயோவா மாநிலத்தில் ஆதரவு கூடுவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தார். அதே மூக்குதான் அப்புறம் அடுப்படிப் பக்கம் போனது. அவருடைய அப்பா ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் மளிகைக் கடைகள் நடத்தியவர் வேறு.

2006 அக்டோபரில், 71 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய மாதம் வந்த கட்டுரை சிங்கப்பூரின் தெருச் சாப்பாடு பற்றியது. அதைப் படித்த ஆசையில்தான் நான் தேக்கா உணவங்காடிக்குப் போனேன். நல்ல கூட்டம். காலியாக இருந்த ஒரு மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையிலும் தட்டோடு வந்த ஓர் அம்மா என்னையும் பாக்கெட்டையும் மாறிமாறிப் பார்த்தார். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அங்கே அதை டிஷ்யூ பாக்கெட்டை வைத்துச் செய்கிறார்கள். அதற்கு 'ச்சோப்' என்று பெயர். ஒரு நகரத்தைப் பற்றிய இந்த மாதிரிச் சேதி தலைமைச் செயலகத்தில் கிடைக்காது. ஆப்பிள் தட்டோடு அலைந்தது இதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

மதுவுக்கு மட்டும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், இரண்டாவது கிளாஸிலேயே எனக்குத் தலைவலி.

அந்த அம்மா? "பரவால்ல, உட்காருங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, எனக்கு எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றும் கைகாட்டினார். இருப்பதிலேயே நீளமான வரிசை அது.