தோட்டத்துப் பிள்ளை மரத்தோட்டத்துக்குத் தலைவர் ஆகலாமா?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான், இப்போது தாவரவியல் படிக்கிறேன். பல்கலைக்கழக மரத்தோட்டத்துக்கும் நகரத் தோட்டக்கலை மையத்துக்கும் தலைவராக இருப்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? மரங்கள் மீது ஆசை இருந்தால் போதுமா?

போதாது தம்பி. அந்த நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று இப்போது சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு படிச்சிட்டு மறுபடியும் தோட்டத்துக்கா போற?" என்றார். அவர் முப்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். நம் ஊரில் தோட்டம் என்றால் எஸ்டேட், லயம் என்னும் வரிசை வீடு, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு. இது அப்படி இல்லைம்மா, ஆராய்ச்சிக்காக மரம் வளர்க்கிற இடம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பால் வெட்டல, காய் வெட்டல. அப்ப சம்பளம் யாரு குடுப்பா?" என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி என்பது முதல் ஆண்டு வரவுசெலவுக் கூட்டத்தில் புரிந்தது. என் நேரத்தில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போனது.

மீதிப் பாதி பிரட்டுதான். தோட்ட மேற்பார்வையாளரான தண்டல், ஆள் கணக்கு எடுப்பதுபோல மரக் கணக்கு எடுக்க வேண்டும். மரத்தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. 1987-42 என்றால் 1987ல் வந்து சேர்ந்தவற்றில் நாற்பத்திரண்டாவது. எந்தக் காட்டு விதை, யார் எடுத்தார், எப்போது நட்டார் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடினால் கிடைக்க வேண்டும். மரம் செத்தால் எண்ணும் அதோடு போகும், வேறு மரத்துக்குக் கொடுக்கக் கூடாது. இந்தப் பதிவேடு இல்லாவிட்டால் எத்தனை மரம் நின்றாலும் அது வெறும் பூங்கா.

நான் போனபோது தகடு இல்லாத மரங்கள் ஏராளம். சில மரங்களில் தகட்டைக் கம்பியால் கட்டிவிட்டு மறந்திருந்தார்கள். மரம் பருத்துக் கம்பியையும் தகட்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஒரு மெராந்தியின் பட்டைக்குள்ளிருந்து அலுமினியத்தின் ஒரு மூலை மட்டும் நகம்போல எட்டிப் பார்த்தது. அதில் கடைசி இரண்டு இலக்கம்தான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு நானும் வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோர் ஒருவரும் கரையான் தின்ற நோட்டுகளில் மூன்று மாதம் தேடினோம்.

ஒரு மரத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். மெராந்தி, கெருவிங், கப்பூர் வகை மரங்கள் ஆண்டுதோறும் பூக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும், காயாமல் வைத்தாலும் சில வாரம்தான் தாங்கும். அதனால் இவற்றுக்கு விதை வங்கி உதவாது, உயிரோடு நிற்கிற மரம்தான் சேமிப்பு. பூத்த செய்தி வந்தால் கூட்டம், கோப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

மரத்துக்கு எதிரி பூச்சியும் பூஞ்சையும் என்று படித்திருப்பீர்கள். என் அனுபவத்தில் முதல் எதிரி புல் வெட்டும் மெஷின். சுழலும் நைலான் கயிறு அடிமரத்தில் பட்டுப் பட்டுப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடும். இலையில் செய்த உணவு அந்தப் பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் அறுந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் மெதுவாகச் சாகும். இதைக் குத்தகைக்காரரின் ஆட்களுக்குப் படம் போட்டு விளக்கினேன், பயனில்லை. கடைசியில் அம்மா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன்: கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் அங்கே பால் வெட்ட முடியாது. அவர்களில் இரண்டு பேர் தோட்டத்துப் பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மறு வாரமே ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு முழத்துக்குப் புல் இல்லாத வட்டம் வந்துவிட்டது. இரண்டாவது எதிரி பட்டமளிப்பு விழா. கூடாரம் போட இரும்பு முளையை வேரில் அடிப்பார்கள், நிழலில் லாரி நிறுத்தி மண்ணைக் கல்லாக்குவார்கள். அதற்காக வருடா வருடம் சண்டை போட்டேன். சில வருடம் தோற்றேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சாலையோரம் நாற்பது கன்று நட்டோம். பாலிதீன் பையில் அதிக நாள் இருந்த கன்றுகள், தலை பச்சைப்பசேல் என்று இருந்தது. பையைக் கிழித்து வேரைப் பார்க்காமல் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் வருடம் ஒரு சாயங்காலக் காற்றில் அதில் ஒன்று அப்படியே சாய்ந்தது. நல்ல வேளை, கீழே ஆள் இல்லை. வேரைப் பார்த்தால் சுருட்டி வைத்த கப்பல் கயிறு மாதிரி இருந்தது, பையின் வட்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை. நடும்போது கத்தியால் நான்கு இடத்தில் கீறிப் பிரித்துவிட்டிருந்தால் போதும். மிச்சம் முப்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்க வேண்டி வந்தது.

மரத்தோட்டமும் நகரத் தோட்டக்கலையும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்கும் என்று பார்க்க, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள். அங்கே மரத்தோட்டம் 1934ல் தொடங்கியது, 230 ஏக்கர். நிலம் நகரத்துடையது, மரங்கள் பல்கலைக்கழகத்துடையவை. இரண்டு மாமியார் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத் தோட்டக்கலை மையத்துக்கு வேறு இடத்தில் கட்டடம். 2001 மே 21 விடிகாலையில் அதற்குத் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் சுற்றுச்சூழல் தீவிரவாதிகள். அங்கிருந்த ஆய்வாளர் ஒருவர் மரபணு மாற்றிய பாப்லர் மரம் வளர்க்கிறார் என்று நினைத்துச் செய்தது. அழியும் நிலையில் இருந்த செடிகளும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தன. புதுக் கட்டடம் 2005ல் திறந்தது. இதைப் படித்த பிறகு, வேலிக்கு வெளியே இருப்பவர்களிடம் பேச மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினேன்.

அந்தச் சனிக்கிழமைப் பழக்கம்தான் இங்கேயும் தொடர்கிறது. தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, ஐந்தாம் மாடிக்குப் போனவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! லயத்துப் பின்கட்டில் முருங்கையும் வாழையும் வைத்திருந்தவர்கள் இன்று பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்க்கிறார்கள். போன மாதம் ஓர் அக்கா அந்த வாளியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கொழுந்தெல்லாம் சுருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும் குட்டிப் பூச்சிகள். அது எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பச்சை நோயைக் கொண்டுபோகும் அதே பூச்சி. கறிவேப்பிலைக்கு அந்த நோய் வராது, பூச்சிக்கு மட்டும் அது சாப்பாட்டுக் கடை. கொழுந்தை வெட்டிப் பையில் கட்டிப் போடச் சொன்னேன், பக்கத்தில் இருக்கும் எலுமிச்சைத் தொட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். வாளியின் அடியில் ஓட்டை இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தோம்.

படிப்பைக் கேட்டீர்கள் அல்லவா? தாவரவியல் நல்ல அடித்தளம். மேலே முனைவர் பட்டம் கேட்பார்கள், முடித்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வருடமாவது நாற்றங்காலில் கைவேலை செய்யுங்கள். கணக்குப் புத்தகம் படிக்கவும், பணம் கொடுப்பவருக்கு நன்றிக் கடிதம் எழுதவும் பழகுங்கள். மலாய் மொழியில் தெளிவாக அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். இதெல்லாம் எப்போது பலன் தரும் என்று மேலிடம் கேட்டபோது நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள கெப்போங்கைக் காட்டினேன். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கிய வன ஆய்வு நிலையம், 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம்.

ஓய்வு பெற்ற பிறகு அம்மாவைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போனேன், இங்கிருந்து பக்கம்தான். 1876ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதை. அதில் முளைத்த கன்றுகளில் 22, 1877ல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அங்கிருந்து ஒன்பது கோலகங்சாருக்கு. அதில் மிச்சமிருக்கும் ஒரு மரம் நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீங்கள் முப்பது வருடம் சீவிய மரமெல்லாம் என்னை மாதிரி ஓர் ஆள் பதிவேட்டில் எழுதி நட்ட கன்றிலிருந்து வந்ததும்மா என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"ஒம்பது நட்டாங்கன்னு சொன்ன. மத்த எட்டு எங்க?"

என்னிடம் பதில் இல்லை.