மூட்டைப்பூச்சி: சென்னை வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சென்னையில் வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலில் பல வருஷமாக இருக்கிறேன். கரப்பான், கறையான் என்றால் சத்தமாகக் கேட்பார்கள். மூட்டைப்பூச்சி என்றால் குரல் தாழ்ந்துவிடும். அதனால் இங்கே ஊர்ப் பெயரை மட்டும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என்ன மருந்து என்று அவசரமாகத் தேடுகிறவர்களும் முதல் பதிலைத் தாண்டிப் போக வேண்டாம். பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் அடிக்கிற மருந்து வீண்.

பெரம்பூர்: கையிலும் முதுகிலும் மூன்று நான்கு தடிப்புகள் வரிசையாக வருகின்றன. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே இல்லை. இது மூட்டைப்பூச்சியா, கொசுவா?

தடிப்பை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கட்டிலில் படுக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குத் தடிக்கும், இன்னொருவருக்கு அடையாளமே தெரியாது. முதன்முதலாகக் கடி வாங்குகிறவர்களுக்குத் தடிப்பு வர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதனால் உடம்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பாருங்கள்.

ஒரு டார்ச், பழைய ஏடிஎம் கார்டு, வெள்ளைத் தாள், செல்லோடேப் போதும். மெத்தையின் ஓரத் தையல் மடிப்பை விரித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், ஸ்க்ரூ துளைகள், பிளைவுட் பலகையின் அடி, பலகைகள் சேரும் இடுக்கு என்று எல்லாவற்றிலும் கார்டை விட்டுச் சுரண்டித் தாளில் தட்டுங்கள். பேனா மையால் தொட்டு வைத்ததுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பாகப் பரவினால் அது பூச்சியின் எச்சம், செரித்த இரத்தம். அதோடு உரிந்த தோல், 1 மி.மீ. அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முட்டைகள் தென்படும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ., பழுப்பு, தட்டை, பறக்காது. இரத்தம் குடித்த பிறகு நீண்டு உப்பிச் சிவக்கும்.

கிடைத்ததை டேப்பில் ஒட்டி வையுங்கள். பலர் எனக்குக் கரப்பான் குஞ்சைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு மீசை நீளம், ஓட்டமும் வேகம். நாய் வளர்க்கிற வீட்டில் உண்ணியைக் காட்டுவார்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், மூட்டைப்பூச்சிக்கு ஆறு.

கட்டிலில் எதுவும் கிடைக்காவிட்டால் சோபாவின் அடித்துணி, கோரைப்பாயின் ஓரம், கொசுவலையின் மூலைகள், திரைச்சீலை மடிப்பு, காலண்டருக்கும் சாமி படத்துக்கும் பின்னால் தேடுங்கள். சுவிட்ச் பெட்டிக்குள்ளும் இருக்கும். அதைத் திறக்கும் முன் மெயினை அணைக்க மறக்க வேண்டாம்.

கொரட்டூர்: வீட்டில் நான்கு பேருக்கும் இரவில் அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் அதிகம். தேடியும் பூச்சி இல்லை.

எனக்கு இது சிரங்காகத் தோன்றுகிறது. விரல் இடுக்கில் அரிப்பு, வீட்டில் எல்லோருக்கும் பரவுவது இரண்டும் சேர்ந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டியிருக்கும். பூச்சி மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அண்ணா நகர்: சமையலுக்கு வரும் அம்மா மூலமாகத்தான் வந்திருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவரை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். யார் மூலம் வந்தது என்று எந்த நிபுணராலும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. ரயில் பெர்த், ஆம்னி பஸ் இருக்கை, சினிமா தியேட்டர், ஊரிலிருந்து வந்த பெட்டி, பழைய சோபா, உங்கள் மகன் தங்கிய விடுதி என்று ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அழுக்குக்கும் இந்தப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. அதற்கு வேண்டியது மனித இரத்தமும் ஒளிய ஓர் இடுக்கும்தான். பளிங்குத் தரை போட்ட வீடுகளிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஒருநாளில் சில மணி நேரம் சமையலறையில் நிற்கிறார். உங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. பக்குவமாக விசாரியுங்கள். அங்கேயும் இருந்தால் அந்தச் செலவில் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆதம்பாக்கம்: கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை டப்பா டப்பாவாகக் காலி செய்தாகிவிட்டது. இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி. ஏன்?

இரண்டு காரணம். கடை ஸ்ப்ரேயில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. உலகம் முழுக்க மூட்டைப்பூச்சிகளுக்கு இந்த வகையைத் தாங்கும் சக்தி வந்துவிட்டது. புதிய கதை இல்லை இது. டிடிடி என்ற பழைய பூச்சி மருந்து புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1947ல், ஹவாயில் அதற்கு அசையாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். உங்கள் ஸ்ப்ரே நேராகப் பட்ட சில செத்திருக்கும். மற்றவை இடுக்குக்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்கும், சில பக்கத்து அறைக்கே போயிருக்கும். அறை நிறையப் புகை பரப்பும் வகையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இரண்டாவது காரணம் முட்டை. பல மருந்துகள் முட்டைக்குள் போகாது. நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவந்துவிடும். அது ஐந்து முறை தோல் உரிக்கும், ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இரத்தம் குடித்தாக வேண்டும். ஒன்று, ஒன்றரை மாதத்தில் அதுவே முட்டையிடும். நீங்கள் பார்த்த 'பழையபடி' என்பது புதுத் தலைமுறை.

மயிலாப்பூர்: எங்கள் காலத்தில் கட்டிலை வாசலில் போட்டுக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவோம், மண்ணெண்ணெய் தடவுவோம், மெத்தையை மொட்டை மாடியில் காயப்போடுவோம். இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அம்மா, கொதிக்கிற தண்ணீர் அருமையான வைத்தியம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள். போதிய சூடு நேராகப் பட்டால் இந்தப் பூச்சிக்குத் தப்பிக்க வழி இல்லை. சுமார் 48 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் முட்டைகூடச் சாகும். 60 டிகிரியில் நிமிடக் கணக்குதான். இரும்புக் கட்டிலின் மூட்டு, குழாய் முனை, தேக்குக் கட்டிலில் சட்டத்தைச் செருகும் துளை எல்லாவற்றிலும் கொதிநீரைத் தாராளமாக ஊற்றலாம். பிளைவுட் மட்டும் ஊறி உப்பிவிடும். அதற்கும் மெத்தைத் தையலுக்கும் துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமரை மெதுவாக, விரல் நகரும் வேகத்தில் ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் சூடு உள்ளே இறங்காது.

மண்ணெண்ணெய் வேண்டாம். நேராகப் பட்டால் பூச்சி சாகும் என்பது உண்மைதான். ஆனால் அதே கட்டிலில் கொசுவத்தியும் சார்ஜரும் வைத்துக்கொண்டு படுக்கிறோம், தீப்பிடித்தால் பெரிய ஆபத்து.

மொட்டை மாடி வெயில் மெத்தைக்குப் பாதிதான் உதவும். மேல்பக்கம் கொதிக்கும்போது பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடும், பஞ்சின் நடுப்பகுதியும் அவ்வளவு சூடாகாது. துணி, தலையணை உறை, பை போன்றவற்றுக்குக் கத்திரி வெயில் நன்றாகவே உதவும்: கறுப்பு பாலித்தீன் கவரில் தளர்வாகப் போட்டு இறுகக் கட்டி, தளத்தின்மேல் பகல் முழுக்க வைத்து நடுவில் திருப்பிப் போடுங்கள். ஒரு வெப்பமானியை நடுவில் செருகி 50 டிகிரி தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்ப முடியாது. அப்போது வாஷிங் மெஷினில் 60 டிகிரி வெந்நீர்ச் சலவைதான் வழி.

வசம்பு, நாப்தலின் உருண்டை, வேப்பிலை எதுவும் கூட்டத்தை ஒழிக்காது.

பழைய மகாபலிபுரம் சாலை: இரவு ஷிஃப்ட், பகலில்தான் தூங்குகிறேன். ஏசியை 18ல் வைத்தால் சாகுமா?

சாகாது, கொஞ்சம் மந்தமாகும். விடியற்காலையில் கடிப்பது அதன் வழக்கம் என்றாலும், நீங்கள் பகலில் தூங்கினால் பகலில் வரும். உங்கள் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும்தான் அதற்கு வழி காட்டுகின்றன. இடத்தை மாற்றி ஹாலில் படுக்கவும் வேண்டாம். நீங்கள் போகும் அறையெல்லாம் அதுவும் வந்துசேரும்.

தாம்பரம்: கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதுமா?

உதவும், போதாது. கட்டிலிலேயே இருக்கும் பூச்சியை அது தடுக்காது. முதலில் கட்டிலைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வையும் கொசுவலையும் தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு கிண்ணம் வையுங்கள். தண்ணீர் இல்லாத வழவழப்பான கிண்ணப் பொறிகளை ஆன்லைனில் விற்கிறார்கள். அவை குளிர்நாட்டு இனத்துக்குப் பொருந்தும். வெப்ப நாடுகளில் அதிகம் காணப்படும் வேறோர் இனத்தின் கால்களுக்கு வழவழப்பான சுவரிலும் ஏறும் பிடிமானம் உண்டு. அதனால் நமக்குச் சோப்பு கலந்த தண்ணீர்தான் சரி. இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசு அதில் முட்டையிடும்.

போரூர்: ஒருவர் வந்து, மாத்திரை வைத்து அறையைப் பூட்டிவிட்டால் ஒரே நாளில் எல்லாம் சாகும், ஸ்ப்ரேயைவிட மலிவு என்கிறார். நம்பலாமா?

அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அவர் சொல்வது அநேகமாக அலுமினியம் பாஸ்பைடு, தானியக் கிடங்குகளில் வண்டுக்கு வைப்பது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். அது கதவிடுக்கு, சுவர் விரிசல், குழாய்த் துளை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். முறிமருந்து கிடையாது. சாதாரண ஆட்களுக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கும் சரக்கு அது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மனிதர் படுக்கும் அறையில் இப்படிப்பட்ட மருந்துக்கு இடமே இல்லை. உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டில் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரும் வயல் மருந்துக்கும் இதே பதில்தான்.

கே.கே. நகர்: சரி, நல்ல ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வந்தவுடன் பம்பை எடுக்கிறாரா, டார்ச்சை எடுக்கிறாரா என்று பாருங்கள். மெத்தையைத் தூக்கிப் பார்க்காமல் விலை சொல்பவர் வேண்டாம். உரிமம் இருக்கிறதா, மருந்தின் பெயர் என்ன, டப்பாவைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். 10 முதல் 15 நாளுக்குள் இரண்டாவது முறை வருவாரா என்பதை எழுதி வாங்குங்கள். முட்டையிலிருந்து வெளிவந்தவற்றைப் பிடிக்க அது கட்டாயம், தேவைப்பட்டால் மூன்றாவது முறையும். 'ஒரே தடவை, ஆயுள் கியாரண்டி' என்பது பொய். மருந்து அடித்தபின் நன்றாகக் காயும்வரை, குறைந்தது சில மணி நேரம், வெளியே இருங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மீன் தொட்டி இருந்தால் காற்று மோட்டாரை நிறுத்தி மூடுங்கள், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். பைரெத்ராய்டு மீனைக் கொன்றுவிடும்.

வில்லிவாக்கம்: குழந்தைக்கு எட்டு மாதம். இந்தக் கடியால் மஞ்சள் காமாலை, எச்ஐவி வருமா?

வராது, பயப்படாதீர்கள். மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு நோய் பரவியதாக நிரூபணம் இல்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் தொல்லை, நகத்தை வெட்டி வையுங்கள். தடிப்பு அதிகமாக இருந்தாலோ குழந்தை வெளிறித் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையின் தொட்டிலிலும் துணியிலும் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், சூடு மட்டும் போதும்.

புரசைவாக்கம்: மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடவா? பல்லாவரம் சந்தையில் பழைய கட்டில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

மெத்தை நன்றாக இருந்தால் முழுவதும் மூடும் ஜிப் உறை போட்டு, ஜிப் முனையை டேப்பால் ஒட்டி, ஒரு வருஷம் கழற்றாமல் விடுங்கள். உள்ளே மாட்டியது பட்டினியில் சாகும். கிழிந்துபோன மெத்தை என்றால் எறியலாம். ஆனால் அதைக் கீறி, பாலித்தீனில் சுற்றி, 'மூட்டைப்பூச்சி' என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். தெருவில் கிடக்கும் மெத்தையைத் தேவைப்படுகிற ஒருவர் எடுத்துப்போவார். பழைய கட்டிலில் தவறில்லை, மரமோ இரும்போ மட்டும் வாங்குங்கள். வீட்டுக்குள் ஏற்றும் முன் கழற்றிக் கொதிநீர் ஊற்றுங்கள். பஞ்சு வைத்துத் தைத்த சோபா வேண்டாம்.

வேளச்சேரி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். என் கட்டிலில் பூச்சி என்று சொன்னதும், நான்தான் கொண்டுவந்தேன் என்கிறார்கள். என் கட்டிலுக்கு மட்டும் மருந்து அடிக்கப் போகிறார்களாம்.

தங்கச்சி, யார் கொண்டுவந்தது என்ற பேச்சுக்கே போகாதே. உன் அறைத் தோழிகளின் கட்டில்களையும் சேர்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள், புள்ளிகளைப் படம் எடுத்து வையுங்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரு கட்டிலுக்கு மட்டும் அடிப்பது வீண் செலவு என்று நான் சொன்னதாகவே சொல். அந்த அறை முழுக்க, இரண்டு பக்கத்து அறை, மேல் அறை, கீழ் அறை என எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். வயர்க்குழாய் வழியாக அது போகும். அடுக்குமாடி வீடுகளிலிருந்து கேட்ட மற்றவர்களுக்கும் இதுதான் பதில். ஊருக்குப் போகும்போது பையை வீட்டுக் கட்டிலில் வைக்காதே. குளியலறையில் வைத்து, துணியை அப்படியே வெந்நீர்ச் சலவைக்குப் போடு.

முகப்பேர்: இரண்டு முறை மருந்து அடித்தாயிற்று. ஒழிந்துவிட்டது என்று எப்போது நம்புவது?

வெள்ளை விரிப்பு போடுங்கள், புள்ளி விழுந்தால் உடனே தெரியும். வாரம் ஒருமுறை டார்ச்சோடு பழைய இடங்களைப் பாருங்கள். கடைசி மருந்துக்குப் பிறகு இரண்டு மாதம் உயிருள்ள பூச்சியோ புதுப் புள்ளியோ இல்லை என்றால் ஒழிந்தது. நடுவில் அரிப்பு வந்தால் அதை வைத்து மட்டும் திரும்ப மருந்து அடிக்காதீர்கள், அது கொசுவாகவும் இருக்கலாம். வீட்டைப் பூட்டி ஊருக்குப் போய் வந்தால் பட்டினியில் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மாதக்கணக்கில் இரத்தம் இல்லாமல் தாங்கும் பூச்சி இது, அதை நம்பி இரண்டாவது முறையைத் தள்ளிப்போட வேண்டாம். சூடு காட்டிச் சுத்தம் செய்து கட்டி வைத்த துணிப் பைகளையும் அந்த இரண்டு மாதம் முடிந்தபின் திறங்கள்.