ஞானப்பல் எடுக்கும்போதே கன்னம் உப்பிவிட்டது, தொட்டால் நறநறக்கிறது. மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா?

நறநறத்தால் ஒவ்வாமை இல்லை. தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கிறது. சப்கியூட்டேனியஸ் எம்ஃபிசீமா என்பார்கள், அரிதுதான்.

ஒவ்வாமை என்றால் அரிப்பும் தடிப்பும் வரும், உதடும் இமையும் வீங்கும். ரத்தக்கட்டு கெட்டிப்பட்டு நிறம் மாறும். சீழ் வைக்க ஓரிரு நாளாவது ஆகும்; சூடும் காய்ச்சலும் இருக்கும். காற்றுதான் பெரும்பாலும் சில நொடிகளில் ஒரு பக்கத்தை உப்ப வைக்கும், பெரிதாக வலிக்காது. ஆனால் தொடக்கத்தில் நறநறப்பு தெரியாமலும் போகலாம். குழப்பம் வருவது அங்கேதான்.

காரணம் பெரும்பாலும் ஏரோட்டர். அழுத்தக் காற்றில் சுழலும் கருவி அது. அந்தக் காற்றில் ஒரு பங்கு, தண்ணீரோடு சேர்ந்து பல் பக்கமே பீய்ச்சும். ஈறைக் கிழித்து எலும்பிலிருந்து விலக்கியிருக்கும்போது காற்றுக்கு வழி திறந்தே கிடக்கிறது. கீழ்க்கடைவாய்ப் பற்களின் வேர்கள் தாடையடி இடைவெளியை ஒட்டியவை. அங்கிருந்து கழுத்து, தொண்டையின் பின்புறம், நெஞ்சுக்கூடு வரை தடுப்புச்சுவர் கிடையாது. வேர் சிகிச்சையில் பல்லின் வேர்க்குழாயை, காற்றும் தண்ணீரும் பீய்ச்சும் த்ரீ-வே சிரிஞ்சால் ஊதிக் காயவைப்பதும் இதே வேலையைச் செய்யும். காயவைக்க, ஈரத்தை உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட் இருக்கிறது. அறுவையில் எலும்பை வெட்ட, காற்றைப் பின்பக்கம் வெளியேற்றும் கருவியோ மின்மோட்டார் கருவியோதான் சரி. ஏரோட்டரே போதும் என்பது சோம்பேறித்தனம்.

வீங்கியதும் வேலையை நிறுத்திவிட்டு, மூச்சு, நாடி, ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் குறித்து வைத்தால் பரவுகிறதா என்பது தெரிந்துவிடும். அமுக்கித் தேய்க்கக் கூடாது, காற்று இன்னும் ஆழத்துக்குப் போகும். காற்றோடு வாய்க்கிருமியும் போயிருக்கும் என்பதால் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். மூன்று முதல் ஐந்து நாளில் வடியத் தொடங்கும், பத்து நாளுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அதுவரை மூக்கைச் சிந்தாதீர்கள்; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா, புகை, பலூன், விமானப் பயணம் எல்லாம் வேண்டாம். 1900-இல் டர்ன்புல் என்பவர் பதிவுசெய்த நோயாளிக்கு எந்தக் கருவியும் காற்றை ஏற்றவில்லை. பல் பிடுங்கிய பின் ஊதுகொம்பு ஊதியதே போதுமானதாக இருந்தது.

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், விழுங்கும்போது வலி, குரல் மாற்றம், காய்ச்சல், கழுத்துக்குக் கீழே இறங்கும் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவமனையில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சுக்குள் காற்று போயிருக்கிறதா என்று சிடி ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும்.