மூக்கு நிழல் எங்கே விழுகிறது?

கேள்வி: ஜார்ஜ் ஹரெல் எடுத்த ஹாலிவுட் நுவார் (இருட்டும் நிழலும் நிறைந்த பழைய குற்றக்கதைப் படப் பாணி) முகங்கள் போல என் தம்பியை வீட்டு ஹாலில் வைத்துச் செல்போனில் எடுத்தேன். கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் ரேஷன் கார்டு போட்டோ மாதிரிதான் இருக்கிறது. எந்த ஃபில்டர் போடலாம்?

பதில்: ஃபில்டர் இருக்கட்டும், முதலில் ட்யூப் லைட்டை அணையுங்கள். நாலடி நீள விளக்கு முகம் முழுக்க ஒரே பூச்சாகப் பூசிவிடும். நிழலே விழாத முகத்தில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் முடி கறுக்கும், நெற்றி வெளிறும், அவ்வளவுதான்.

நுவார்காரர்கள் வைத்தது, வெளிச்சத்தைக் குவிக்கும் ஃப்ரெனல் லென்ஸ் போட்ட ஸ்பாட் லைட். ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த ‘டி-மென்’ (1947) பாருங்கள். பல இடங்களில் பாதி முகம் தெரியாது, கதைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. உங்களுக்கு ஓர் அங்குல முகப்புள்ள எல்இடி டார்ச் போதும். அதன்மேல் வெள்ளைத் துணி கட்டிவிடாதீர்கள், நிழலின் ஓரம் மங்கிவிடும். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை ஐந்தடி தூரத்தில், பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்மட்டத்துக்கு மூன்றடி மேலே பிடியுங்கள். மூக்கு நிழல் கன்ன நிழலோடு ஒட்டி, இருண்ட பக்கக் கண்ணின் கீழ் சின்ன முக்கோணமாக வெளிச்சம் மிஞ்ச வேண்டும். நிழல் உதட்டைத் தொட்டாலோ, கண்ணில் வெளிச்சப் பொட்டு இல்லாவிட்டாலோ, விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது.

இதற்குப் பிறகும் நிழல் சாம்பலாகத்தான் வரும். காரணம், எதிர்ப்பக்கத்து வெள்ளைச் சுவர். அதுவே உங்கள் இரண்டாவது விளக்கு. இருண்ட கன்னத்துக்கு ஒன்றரை அடியில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். இரண்டு கன்னங்களுக்கும் இடையே மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), அதாவது எட்டு மடங்கு, வித்தியாசம் கிடைத்தால் சரி. பின்சுவரிலிருந்து நாற்காலியை ஐந்தடி முன்னே இழுங்கள். விளக்கிலிருந்து சுவருக்கு இரண்டு மடங்கு தூரம், அங்கே விழும் வெளிச்சம் ஏறத்தாழ கால்வாசி.

செல்போனில் ஹெச்டிஆரையும் நைட் மோடையும் நிறுத்துங்கள். நீங்கள் பாடுபட்டு வரவழைத்த இருட்டை அவை பொறுப்பாக வெளுத்துக் கொடுக்கும். வெளிச்சக் கன்னத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை லாக் செய்யுங்கள்.

ஜன்னல் பட்டை நிழல் வேண்டுமா? அட்டையில் ஓர் அங்குல இடைவெளி விட்டுக் கோடுகள் வெட்டி, முகத்துக்கு ஓரடியில், ஃபிரேமுக்கு வெளியே பிடியுங்கள். ஓர் அங்குல விளக்கில் கோட்டின் ஓரம் கால் அங்குலம் கலங்கும். ஐந்து அங்குல விளக்கென்றால் கலங்கல் ஒன்றேகால் அங்குலம்; கோடே கரைந்துவிடும்.

கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு நிறத்தின் பிரகாசத்தை மட்டும் சற்றுக் குறைத்தால் உதடு கறுக்கும். ஆரஞ்சைத் தொடாதீர்கள், தோல் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஹரெலைப் புகழ்பெற வைத்தவை 1930-களின் ஸ்டூடியோ விளம்பரப் படங்கள். நுவார் பின்னால் வந்தது. அந்தப் படங்களில் தோலின் வழவழப்பு விளக்கு மட்டும் தந்ததல்ல. 8க்கு 10 அங்குல நெகட்டிவில் பென்சிலால் தீட்டித் தீட்டிக் கொண்டுவந்தது. உங்கள் டார்ச் தம்பியின் பருத்தழும்பு ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். நுவாரில் அதை யாரும் அழிக்கச் சொல்ல மாட்டார்கள், தம்பி சொல்லலாம்.